கவனக்குறைவு என்று எழுதாதீர்கள்

உங்கள் மின்விசிறியில் ஒரு திருகு தளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'டிக்' என்கிறது, கேட்கிறதா? உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். எனக்கு ஒரு பொருள் தளர்ந்து கிடந்தால் இருப்புக் கொள்ளாது. பேசி முடித்ததும் ஒரு நாற்காலி கொடுங்கள், ஏறி முடுக்கிவிட்டுப் போகிறேன்.

அந்தப் பெண்ணின் கை விஷயமாக விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். எங்கள் துணைப் பயிற்சியாளர். வலது முழங்கையில் தசைநார் கிழிந்து, இனி அந்தக் கையால் சர்வீஸ் போடவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழையபடி போட்டிகளுக்குத் திரும்பப் போகிறவள். தகுதிச் சுற்றுக்குப் பெயர்கூடக் கொடுத்திருந்தாள். அதுதான் கடைசி வாய்ப்பு, அதற்குமேல் வயது இடம் கொடுக்காது என்று அவளே சொல்லியிருக்கிறாள். வருத்தமான விஷயம்தான். மற்றவர்களிடம் எங்கள் பின்னணியை எல்லாம் விசாரித்தீர்களாம். நல்லது, நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் கல்லூரி சின்னது. டென்னிஸ் ஆடுகளம் இரண்டு. ஒன்றில் குறுக்கே விரிசல். இன்னொன்றில் வலை நடுவில் தொங்கும். அணியில் ஆறு பேர், அவர்களிலும் பாதிப் பேர் வருகைப் பதிவுக்காக வருகிறவர்கள். ஆனால் பயிற்சியாளர்களுக்கு மட்டும் குறைவே கிடையாது. எங்கள் படமும் பின்னணியும் போட்ட பலகை நுழைவாயிலில் இருக்கிறது, விசாரிக்க வந்தபோது பார்த்திருப்பீர்கள். கண்ணாடி, உள்ளே விளக்கு, சுற்றிலும் பித்தளைச் சட்டம். வலைக்குக் கயிறு கேட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறவர்கள், அந்தக் கண்ணாடியைத் துடைக்க மட்டும் தினமும் ஒருவரை அனுப்புகிறார்கள்.

முதல்வருக்குப் பின்னணி என்றால் உயிர். "ஆட்டத்த யாருங்க பாக்கறா? பிள்ளைய சேக்க வர்றவங்க போர்டத்தான் பாக்கறாங்க" என்பார். அதில் தப்பும் இல்லை. எங்கள் அணி ஜெயித்ததை யாரும் பார்த்ததில்லை என்பதால் பார்ப்பதற்கு ஏதாவது ஒன்று வேண்டும்தானே.

பலகையில் இரண்டாவதாக இருப்பவர் உடற்தகுதிப் பயிற்சியாளர். நாங்கள் அவரை டிரம்ஸ் என்று கூப்பிடுவோம், ஏனென்றால் இங்கே வருவதற்கு முன் ஒரு இசைக்குழுவில் அவர் டிரம்ஸ்தான் வாசித்தார். பலகையில் 'நூற்றுக்கணக்கான மேடைகளில் மணிக்கணக்காக ஓய்வின்றி இயங்கிய உடல் வலிமைக்குச் சொந்தக்காரர்' என்று இருக்கிறது. மூன்றாவது, மன உறுதிப் பயிற்சியாளர். முன்பு ஆயுள் காப்பீட்டு முகவர். அவருக்குப் பட்டப்பெயர் பாலிசி. 'எண்ணற்ற குடும்பங்களுக்கு எதிர்காலம் குறித்த தெளிவை அளித்தவர்.' சொல்லுங்கள், இதில் எந்த வரி பொய்? முதல்வர் பொய் எழுத மாட்டார். அந்த விஷயத்தில் அவர் கறாரானவர்.

முதலில் இருப்பவன் நான். தலைமைப் பயிற்சியாளர். 'உலகத் தரம் வாய்ந்த வீரர்களுடன் நெருங்கிப் பணியாற்றியவர். பல பெரிய வெற்றிகளில் இவரது கை இருந்தது.' இதுவும் உண்மை, எழுத்துக்கு எழுத்து உண்மை. நான் டென்னிஸ் மட்டைகளுக்கு இழை கட்டிக்கொண்டிருந்தேன். பெரிய போட்டிகள் நடக்கும் அரங்குகளில், பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஒரு அறை இருக்கும். அங்கே என்னைப் போல ஒரு பத்துப் பேர் ஆளுக்கொரு இயந்திரத்துடன் உட்கார்ந்திருப்போம். மேலே கூட்டம் கத்தும், கீழே எங்களுக்குச் சுவர் அதிரும். யார் ஜெயித்தார் என்பது அடுத்த மட்டை வருகிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் தெரியும். ஒரு ஆட்டத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. ஆடியதும் இல்லை.

என் மனைவியின் தம்பி இந்தக் கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அந்த வேலை போய் நான் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அவன்தான் கூட்டிவந்தான். "மாமா, நீங்க வாயத் தெறக்காதீங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றான். பார்த்துக்கொண்டான். என் வரிகளுக்குக் கீழே 'முன்னாள் சர்வதேச வீரர்' என்று ஒரு வரி தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. நான் அதை எழுதவில்லை, எழுதச் சொல்லவும் இல்லை. அழிக்கச் சொல்லவும் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு வரி வந்துவிட்டால் அதற்கு ஏற்ற மாதிரி நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எனக்குக் கால்முட்டியில் ஒரு பழைய அடி உண்டாயிற்று. அதனால் நான் ஆடிக் காட்ட முடியாது, ஓரமாக நின்று சொல்லித்தான் கொடுக்க முடியும். சில நாள் நொண்டுவேன். ஒரு முறை ஒரு மாணவி, "சார், போன வாரம் இடது கால்தானே?" என்று கேட்டாள். "வலி எடம் மாறும்மா, அதுதான் ஆபத்து" என்றேன். பாவம், குறித்துக்கொண்டாள்.

வீட்டிலும் அப்படித்தான். யார் விருந்தாளி வந்தாலும் என் மனைவி காப்பிக்கு முன்னால் அவர்களைக் கல்லூரி வாசலுக்கு நடத்திக்கொண்டு போய்ப் பலகையைக் காட்டிவிட்டுத்தான் காப்பி தருவாள். எங்கள் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள் என் படத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா என் கையைப் பிடித்து, "இந்தக் கை எத்தன பேர அடிச்சுப் போட்டிருக்கும்" என்றார். சிரித்துவைத்தேன். அந்த மாதிரி ஒரு மரியாதை, படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்தவனுக்கு லேசில் கிடைத்துவிடாது. கிடைத்தபிறகு விட்டுவிடவும் மனசு வராது. உங்களுக்கு வருமா?

இப்படியே நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு மேலிடத்திலிருந்து ஒரு குழு பார்வையிட வந்தது. பலகையை வெகுநேரம் படித்த ஒரு அம்மாள், "எல்லாம் சரி, இதுல டென்னிஸ் ஆடத் தெரிஞ்சவங்க யாரு?" என்று கேட்டுவிட்டார். முதல்வர் என்னைக் காட்டினார். நான் காலைக் காட்டினேன். அடுத்த மாதமே, நடமாடக்கூடிய ஒரு ஆட்டக்காரரை வேலைக்கு எடுக்கும்படி உத்தரவு வந்தது.

அப்படித்தான் அவள் வந்தாள். நிஜமாகவே ஆடியவள். ஊர் ஊராக, நாடு நாடாகப் போய் ஆடியவள். முதல்வர் வாயெல்லாம் பல்லாகப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "உங்க சாதனைகள சொல்லுங்கம்மா" என்றார்.

"பெருசா ஒண்ணும் இல்ல சார். முக்கால்வாசி முதல் ரவுண்டுலயே தோத்துடுவேன்."

முதல்வரின் பேனா அப்படியே நின்றது. "மீதி கால்வாசி?"

"தகுதிச் சுற்றுலயே தோத்துருவேன். ஒரே ஒரு தடவ பெரிய போட்டியில ஒரு ஆட்டம் ஜெயிச்சேன். அதுக்கப்புறம் இல்ல."

முதல்வர் கொஞ்சம் யோசித்து, 'பல நாடுகளின் முதல் சுற்றுகளைக் கண்டவர்' என்று எழுதினார். அவள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "தோத்ததுதான் அதிகம்னே போடுங்க சார், பசங்களுக்குத் தைரியமா இருக்கும்" என்றாள். டிரம்ஸ் என்னைப் பார்த்தார். பாலிசி தரையைப் பார்த்தார். உண்மை பேசுகிறவர்களிடம் ஒரு கோளாறு உண்டு. பக்கத்தில் நிற்கிறவர்களின் நிலைமையை அவர்கள் கொஞ்சமும் யோசிப்பதில்லை.

ஆனால் அவளைப் பிடிக்காமல் போனது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். எனக்குப் பிடித்திருந்தது. விடிந்ததும் வந்து தொங்கும் வலையைத் தானே கயிறு போட்டு இழுத்துக் கட்டினாள். பையன்களுக்கு ஓயாமல் பந்து அடித்துப் போடுவாள். என்னிடம் "கால் எப்படி இருக்கு சார்?" என்று உண்மையான கவலையுடன் கேட்பாள். அவள் எனக்கு மகள் மாதிரி. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

வந்த ஒரு வாரத்தில் மூன்று மட்டைகளை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். பழைய இயந்திரத்தை நான் அறைக்குள் வைத்திருந்தேன். அணியின் மட்டைகளுக்கு நான்தான் இழை கட்டுவேன். பொழுதுபோக்கு என்று சொல்லியிருந்தேன். அவள் ஐம்பது பவுண்டு இழுவை கேட்டாள். இழையை எவ்வளவு விசையில் இழுத்துக் கட்ட வேண்டும் என்பதற்கு அதுதான் கணக்கு. கட்டிக் கொடுத்தேன். வெகுநாள் கழித்து ஒரு நல்ல ஆட்டக்காரரின் மட்டை கையில் கிடைத்ததா, கொஞ்சம் ரசித்தே கட்டிவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

மறுநாள் அவள் ஒரு மட்டையுடன் திரும்பி வந்தாள். ஓரத்தில் கடைசி முடிச்சு விழும் இடத்தை விரலால் தடவிக்கொண்டே நின்றாள்.

"சார், இந்த முடிச்சு யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"எந்த முடிச்சு?"

"ஒரு சுத்து அதிகமா போட்டு உள்பக்கமா மடக்கியிருக்கீங்களே. வேற யாரும் இப்படிப் போட்டு நான் பாத்ததில்ல. ஒரே ஒரு தடவதான் பாத்திருக்கேன். நான் ஜெயிச்சேன்னு சொன்னேனே, அந்த ஆட்டத்துக்கு முன்னாடி என் ராக்கெட் ரெண்டும் இழை அறுந்துபோச்சு. கீழ ஒரு ரூம்ல குடுத்தேன். அரை மணி நேரத்துல வந்துச்சு. சார், அந்த மாதிரி ஒரு ராக்கெட்ட என் வாழ்க்கையில பிடிச்சதே இல்ல. கட்டினது யாருன்னு கேட்டேன், யாருக்கும் பேர் தெரியல." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அது நீங்கதானா சார்?"

கட்டியவன் நான்தான். அந்த முடிச்சு என்னுடையது. யாரிடமும் கற்றதல்ல, நானே கண்டுபிடித்தது. இழை கடைசி நொடியில் கொஞ்சம் தளரும், அந்தத் தளர்வைக்கூட அது விடாது. இத்தனை வருடத்தில் ஒரு மனுஷி அதைக் கவனித்திருக்கிறாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. கண்கூடக் கலங்கியது.

"இல்லம்மா. நான் அப்ப மேல இருந்தேன், ஆட்டக்காரங்களோட" என்றேன்.

"சரி சார்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள்.

அந்தச் சிரிப்பைப் பற்றி நிறைய யோசித்தேன். ஒரு மனிதனின் குடுமி கையில் சிக்கிவிட்டது என்று தெரிந்தவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள் என்று தோன்றியது. அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகம் உறுத்தியது. சொல்லிவிட்டால் மறுத்துவிடலாம். சொல்லாமல் வைத்திருப்பவரை என்ன செய்வது?

பிறகு ஒருநாள் மைத்துனன் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான். "மாமா, அந்தப் பொண்ணு முதல்வர்கிட்ட விளையாட்டு விழாவுல ரெண்டு நிமிஷம் மைக் கேட்டிருக்கு. உங்களப் பத்திப் பேசணுமாம். உங்க நிஜமான பின்னணி யாருக்கும் தெரியலயாம், எல்லாருக்கும் தெரியணுமாம்." அவன் முகம் வெளிறிப் போயிருந்தது. "நான் என் வேலைக்கும் சேத்துத்தான் சொல்றேன். ஏதாவது பண்ணுங்க."

முதல்வரோ அதற்கு மேல் ஒரு படி போய்விட்டார். பேச்சுக்கு முன்னால் நானும் அவளும் ஒரு நட்பு ஆட்டம் ஆடினால் விழா களைகட்டும் என்றார். கால்முட்டி என்றேன். "ஒரே ஒரு கேம் சார், நின்ன எடத்துலயே ஆடுங்க, மாப்பிள்ள வீட்டுக்காரங்களையும் கூப்பிட்டிருக்கோம்" என்றார். என் மனைவி வெள்ளை உடுப்புத் தைக்கக் கொடுத்துவிட்டாள்.

என் நிலைமையில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சிலர் சண்டை போடுவார்கள், சிலர் மொட்டைக் கடிதம் போடுவார்கள். எனக்கு அதெல்லாம் ஒத்துவராது. எனக்குத் தெரிந்தது ஒரே வேலைதான். அவள் விடுப்பில் போய் இந்த விழாவுக்கு வர முடியாதபடி, கொஞ்ச நாள் கை வலித்தால் போதும் என்றுதான் நினைத்தேன். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

அடுத்த முறை மட்டைகள் வந்தபோது ஐம்பதுக்குப் பதில் ஐம்பத்திரண்டு போட்டேன். அவ்வளவுதான். அதற்கடுத்த முறை இன்னும் இரண்டு. மட்டையை இறுக்கிக் கட்டினால் பந்து விசையாகப் போகாது, அடியின் அதிர்வு முழுக்கக் கைக்கு வரும். இது இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் தெரிந்ததுதான். மெல்ல மெல்லக் கூட்டினால் ஆட்டக்காரருக்குத் தெரியாது. நிறத்தில் அதே மாதிரி இருக்கும் கெட்டியான இழை ஒன்று உண்டு. பிறகு அதற்கு மாற்றினேன். மட்டையின் தலைப் பக்கத்து விளிம்பு உறைக்கு அடியில் சின்னதாக ஈயப் பட்டை வைத்தேன், தலை கனத்தால் கைக்குச் சுமை கூடும். பெரிய ஆட்டக்காரர்கள் தாங்களே விரும்பி வைத்துக்கொள்வதுதான், நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. நல்ல ஆட்டக்காரர்கள் இழையைக் கையில் தட்டிச் சத்தம் கேட்பார்கள். இறுக்கம் கூடினால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அவள் பிறந்தநாளுக்கு ரப்பர் பொத்தான்கள் மூன்று வாங்கிக் கொடுத்தேன். இழைகளுக்கு நடுவே செருகிவிட்டால் சத்தம் அடங்கிப்போகும். கல்லூரியின் சின்னம் போட்டது, அழகாக இருக்கும். அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. "எனக்கு அப்பா இருந்தா இப்படித்தான் சார் வாங்கிக் குடுப்பாரு" என்றாள். எனக்கு மனசு நிறைந்துபோனது.

ஒரு மாதத்தில் பந்து குட்டையாக விழ ஆரம்பித்தது. "என்னன்னு தெரியல சார், அடிச்சா போகவே மாட்டேங்குது. வயசாயிடுச்சு போல."

"எல்லாருக்கும் வர்றதுதாம்மா. இன்னும் கொஞ்சம் வேகமா வீசிப் பாரேன்" என்றேன்.

வீசினாள். கடுமையாக உழைக்கிற பெண். தகுதிச் சுற்று நெருங்கிக்கொண்டிருந்தது இல்லையா, பையன்கள் போனபிறகும் தனியாக நின்று சர்வீஸ் போட்டுப் பழகுவாள். முழங்கையில் வலி என்று சொன்னபோது எங்கள் பயிற்சிக் குழு முழுவதும் அவளுக்குத் துணை நின்றது. இதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். டிரம்ஸ் அவள் கையைப் பிடித்து, மேடையில் கை மரத்துப்போனால் தான் செய்வதைப் போலவே இரண்டு கட்டை விரலாலும் அழுத்தித் தேய்த்தார். "வலிக்குதா? அப்ப சரியான எடத்தப் பிடிச்சுட்டேன்" என்றார். பாலிசி அவளை எதிரில் உட்காரவைத்து, "வலிங்கறது வெறும் எண்ணம். எண்ணத்த மாத்துங்க, வலி போயிடும். பத்து வருஷம் கழிச்சு நீங்க எங்க இருப்பீங்கன்னு நெனச்சுப் பாருங்க" என்றார். மேற்கொண்டு சொல்ல அவருக்கும் ஒன்றும் இல்லை, வழக்கமாக அந்த இடத்தில் அவர் கையெழுத்து வாங்கிவிடுவார்.

அவர்கள் இரண்டு பேரையும் தண்டிக்காதீர்கள். பலகையில் என்ன போட்டிருந்ததோ அதைத்தான் அவர்களும் நம்பினார்கள்.

கடைசியில் அவள் என்னிடம் வந்தாள். கையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்க முடியவில்லை, திறந்து கொடுத்தேன். "சார், ஸ்ட்ரிங்க கொஞ்சம் எறக்கிப் போடுங்களேன். நாப்பத்தஞ்சு போதும். கைக்குக் கொஞ்சம் இதமா இருக்கும்ல?"

சரியாகத்தான் கேட்டாள். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். "செய்றேம்மா" என்றேன். அன்றைக்கு அறுபத்துநான்கு போட்டேன்.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "சார், நாளைக்குப் பயப்படாதீங்க. உங்க கைக்கே வர்ற மாதிரி மெதுவாப் போடறேன். ராக்கெட்ட சும்மா நீட்டினாலே போதும், பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒரு தலைமைப் பயிற்சியாளரைப் பார்த்து, சும்மா நீட்டினால் போதும் என்கிறாள். சொல்லுங்கள், யாருக்குத்தான் கோபம் வராது? எனக்கும் வந்தது. ஆனால் நான் கையை ஓங்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. "மெதுவா எதுக்கும்மா? பசங்க பாக்கறாங்க. முதல் சர்வீஸாவது உன் பழைய வேகத்துல போடு" என்றேன்.

மறுநாள் விழாவில் அப்படியே போட்டாள். என் பேச்சுக்கு அவளிடம் எப்போதும் மரியாதை உண்டு.

பந்து வலையில் பட்டது. மட்டை அவள் கையிலிருந்து நழுவி முன்னால் வந்து விழுந்தது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். நான் இந்தப் பக்கம் புது வெள்ளை உடுப்பில் மட்டையை நீட்டியபடி நின்றிருந்தேன். ஒரு பந்தைக்கூட நான் தொடவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கூட்டம் சலசலத்தது. எதையாவது சொல்லிச் சமாளிக்க வேண்டுமே என்று முதல்வர் மைக்கை எடுத்து, எதிராளி ஆட முடியாததால் நான் வெற்றி பெற்றதாக அறிவித்தார். என் மனைவி கைதட்டினாள். மாப்பிள்ளையின் அப்பா விசில் அடித்தார். இப்போது பலகையில் என் பெயருக்குக் கீழே 'சர்வதேச வீராங்கனையை வென்றவர்' என்று புதிதாக ஒரு வரி இருக்கிறது. பாருங்கள், அதுவும் பொய் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். கட்டுப் போட்ட கையுடன் படுத்திருந்தாள். மைக்கில் என்ன பேசவிருந்தாய் என்று கேட்டேன். தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டேன்.

"உங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லணும்னுதான் சார். நான் ஜெயிச்ச ஒரே ஆட்டம் உங்க கையாலதான்னு சொல்லணும்னு நெனச்சேன். நீங்க கூச்சப்பட்டு இல்லன்னுட்டீங்க. போர்டுல என்னென்னமோ போட்டிருக்காங்க. உலகத்துலயே நல்லா ஸ்ட்ரிங் போடறவர் நம்மகிட்ட இருக்காருன்னு யாராச்சும் போட்டாங்களா? எனக்கு அதுல ரொம்பக் கோபம் சார்." சொல்லிவிட்டு அழுதாள். கைக்காக அழுதாளா எனக்காக அழுதாளா என்று தெரியவில்லை.

நான் பழத்தை உரித்துக் கொடுத்தேன். நன்றி சொல்வதாகவே இருந்தாலும் விஷயம் வெளியே வந்துதானே இருக்கும்? மாப்பிள்ளை வீட்டார் முன்னால் படிக்கட்டு, ஜன்னலில்லாத அறை எல்லாம் வந்திருக்கும். நல்ல எண்ணத்துடன் செய்தாலும் அவள் செய்யப்போனது தப்புத்தான். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை, மன்னித்துவிட்டேன்.

இதோடு முடிந்திருக்கும். அந்த டாக்டர் சும்மா இருக்காமல், அவளோடு ஆஸ்பத்திரிக்கு வந்த மட்டையைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்துச் சந்தேகப்பட்டிருக்கிறார். நீங்கள் அதை ஊரில் இருக்கும் விளையாட்டுக் கடையில் கொடுத்து அளக்கச் சொல்லியிருக்கிறீர்கள். கடைக்காரர் அறுபத்திரண்டு என்று சொல்லி, 'இயந்திரம் பழசு, கட்டியவரின் கவனக்குறைவு' என்றும் சொல்லியிருக்கிறார். நீங்கள் நல்லவர், அதையே எழுதி இந்த விஷயத்தை முடித்துவிடப் பார்க்கிறீர்கள். முதல்வருக்கும் சம்மதம். இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டால் போதும் என்கிறார். அந்தப் பெண்ணே நேற்று என்னைத் தேடி வந்து, "மெஷின் தப்புக்கு நீங்க என்ன சார் பண்ணுவீங்க, மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

அதனால்தான் இதையெல்லாம் சொல்கிறேன். அந்த இயந்திரம் ஒருநாளும் தப்பாக இழுத்ததில்லை. நானும் என் வேலையில் கவனம் தவறியதில்லை. வேறு எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள், என் கட்டில் பிழை என்று மட்டும் எழுதாதீர்கள். அது அறுபத்துநான்கு, இரண்டு பவுண்டு குறைத்து அளந்திருக்கிறார் அந்தக் கடைக்காரர், அவர் கருவியைத்தான் இரும்புக்குப் போட வேண்டும். ஒவ்வொரு இழையையும் நானே இழுத்தேன், என்ன ஆகும் என்று தெரிந்தே இழுத்தேன். வேண்டுமானால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

இன்னொன்று, மறந்துவிடப் போகிறேன். நாற்காலிக்கு அடியில் நான் வைத்திருக்கும் இந்த மட்டை அவளுடைய மூன்றில் இன்னொன்று. வலது கை போனாலும் விடமாட்டாளாம், இடது கையால் பழகப் போகிறாளாம். நேற்று வந்தபோது கொடுத்துவிட்டு, "மெஷின் எப்படி இருந்தாலும் உங்க கைதான் வேணும் சார், நாப்பது போதும்" என்றாள். காலையிலேயே கட்டி முடித்துவிட்டேன், அந்த முடிச்சையே போட்டிருக்கிறேன். நான் போனபிறகு அவளிடம் சேர்த்துவிடுங்கள். புதுக் கை, கொஞ்சம் உறுதிப்பட வேண்டாமா. அதனால் அவள் கேட்டதைவிட இரண்டே இரண்டு பவுண்டுதான் கூட்டியிருக்கிறேன்.